நாங்க பார்த்துக்கறோம், மேடம்

அக்கா, தப்பா நெனைச்சிராதிய, பஸ்ஸுல பக்கத்துல உக்காந்துகிட்டு எட்டிப் பாத்துட்டேன். போன்ல நீங்க தள்ளித் தள்ளிப் பாக்கது கேமராதான? மகளுக்கா? காலேஜ்ல கேக்காளா? நல்லது, வாங்கிக் குடுங்க. ஆனா இப்ப ஒண்ணு வந்துச்சு பாருங்க, வெள்ளிக் கலரு, ஓரத்துல செவப்புக் கோடு, மிசோனான்னு எழுதியிருக்கும். அது மட்டும் வேண்டாம். அதுக்குக் குடுக்க துட்டைக் கொண்டுபோயி குத்தால அருவியில விட்டுட்டு, நல்லா ஒரு குளி குளிச்சிட்டு வாங்க. உடம்புக்காவது நல்லது.

சிரிக்கிய. சிரிங்க. நானும் ஒரு காலத்துல சிரிச்சவதான்.

படம் நல்லா விழுமான்னு கேக்காதிய. எல்லாத்துலயும் படம் நல்லாத்தான் விழும். எத்தன மெகா பிக்சலு, எவ்வளவு தூரம் சூம் ஆகும், அதெல்லாம் கடைக்காரனே சொல்லிருவான். அவன் சொல்லாதது ஒண்ணு இருக்கு. கெட்டுப்போனா யாரு பாப்பா? அவன் எங்கன இருக்கான்? மொகத்தப் பாத்துப் பேசுவானா? அத மொதல்ல கேளுங்க, கேமராவப் பொறவு பாருங்க. பொண்ணு குடுக்கப் போனா மாப்பிள்ளைய மட்டுமா பாக்கோம்? மாமியாக்காரி எப்படின்னு தெருவுல விசாரிக்கோம்லா? அது மாதிரிதான்.

எம் பேரு செய்யதலி பாத்திமா. கடையநல்லூர்ல எறங்கி அந்தப் பேரச் சொல்லிக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. போட்டோ பாத்துன்னு கேக்கணும், சின்னப் புள்ளையும் வீட்டைக் காட்டிரும். எங்க ஆளுக கல்யாணத்துல பொம்பளையாளுக இருக்க பக்கம் ஆம்பளை போட்டோக்காரன் வர முடியாது. மருதாணி, பொண்ணு அலங்காரம், உங்கள்ல தாலி மாதிரி எங்கள்ல கருகமணி கட்டுதது எல்லாம் உள்ளதான். தலையில துணி இல்லாம, பூ வச்சு, நகையப் போட்டு, சிரிச்சுக்கிட்டும் ஆடிக்கிட்டும் இருப்பாளுவ. அத எடுக்க ஒரு பொம்பள வேணும்லா? பதினாலு வருசமா அது நாந்தான். நானே எடுப்பேன். நானே வீட்டுல கம்ப்யூட்டர்ல போட்டு, நானே பிரிண்ட் எடுத்து, நானே ஆல்பம் ஒட்டி, துணியில சுத்தி அவங்க கையில குடுப்பேன். ஒரு ஆம்பளைக் கண்ணுல படாது. படம் கொஞ்சம் சுமாரா இருந்தாக்கூட யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அந்த வாக்கு சுத்தமா இருக்கணும், அதான் எந்தொழிலு.

பழைய கேமரா தேஞ்சுபோச்சு, புதுசு வாங்கணும்னு ஆச்சு. எங் கொழுந்தன் காஜா, அவனும் போட்டோக்காரன்தான், ஆம்பளைக பக்கம் எடுப்பான். அவன் சொன்னான், "மதினி, நம்ம பக்கம் எல்லாரும் வச்சிருக்க கம்பெனியவே வாங்குங்க. ரிப்பேர்னா தென்காசியில ஆவுடையப்பன் இருக்காரு. காலையில குடுத்தா சாயங்காலம் கையில."

சரியாத்தான் சொன்னான். ஆனா எனக்கு அங்கனதான் முள்ளு குத்துச்சு. ஆவுடையப்பன் ஆம்பளைல்லா? கேமராவத் தொறப்பாரு. உள்ள ஏதாவது படம் கெடக்கும். பாப்பாரு. நல்ல மனுசன்தான், நான் இல்லேங்கல. ஆனாலும் கண்ணு கண்ணுதான?

மதுரையில கடைக்குப் போனேன். அந்தப் பையன் மிசோனாவ எடுத்து வச்சான். பட்டன அமுக்குனா சத்தமே இல்ல. கையில பூ மாதிரி இருக்கு. நான் கேட்டேன், "தம்பி, இது ரிப்பேரானா யாரு பாப்பா?" அவன் சொன்னான், "மேடம், இத வெளியாள் யாரும் தொடவே முடியாது. பாகமே வெளிய கெடைக்காது. கம்பெனிதான் தொறக்கணும்."

வேற யாருக்கும் சொல்லிருந்தா ஓடியிருப்பாங்க. எனக்கு அந்த வார்த்தை தேனா இனிச்சுச்சு அக்கா. வெளியாள் யாரும் தொட முடியாது! கம்பெனிதான் தொறக்கும்! கம்பெனின்னா என்ன, ஆம்பளையா பொம்பளையா? கம்பெனி கம்பெனிதான. அன்னைக்கே வாங்கிட்டேன். காஜா தலையில அடிச்சுக்கிட்டான். "போலே, ஒனக்கு என்ன தெரியும்"னுட்டேன்.

இப்ப சுலைகா மாமியப் பத்திச் சொல்லணும். எங்க தெருவுல நாலாவது வீடு. ஒரே மக, ஜெசீமா. மாமி வாழ்நாள்ல போட்டோ எடுத்ததே கிடையாது. ஆதார் கார்டுக்கு ஒண்ணு எடுத்தாங்க, அதுவும் அழுதுகிட்டே. அதப் பாத்தா மாமி மாதிரியே இருக்காது, யாரோ போலீசு புடிச்ச ஆளு மாதிரி இருக்கும். எத்தன கல்யாண வீட்டுல நான் கேமராவத் தூக்குனதும் வெள்ளைத் துப்பட்டிய மொகத்துல இழுத்துவிட்டுட்டு அடுக்களைக்குள்ள போயிருக்காங்க தெரியுமா? நானே கேலி பண்ணுவேன், "மாமி, ஒங்க மொகத்த நான் ஒண்ணும் தின்னுற மாட்டேன்"னு.

போன நோன்புப் பெருநாள் கழிஞ்சு ஆறாம் நாளு ஜெசீமாவுக்குக் கல்யாணம். கருகமணி கட்டுததுக்கு முன்னாடி, பொண்ணு அலங்காரம் பண்ணிக்கிட்டு இருந்தப்ப, அவ உம்மா கையப் புடிச்சுக்கிட்டா. "உம்மா, எனக்காக ஒண்ணே ஒண்ணு. நான் நாளைக்குப் போயிருவேன்லா?" மாமி மொகத்துல கெடந்த துப்பட்டிய மெதுவா தள்ளிவிட்டாங்க. பொறவு என்னையப் பாத்தாங்க. "பாத்து, நீன்னா சரி. ஆனா ஒரு ஆம்பளைக் கண்ணுல படக்கூடாது. அல்லா மேல ஆணையா சொல்லு." சொன்னேன். அந்த ரூம்புல அத்தன பொம்பளையாளுக இருந்தாங்க, எல்லார் முன்னாலயும் சொன்னேன்.

மக தலையில பூ வச்சுவிட்டாங்க, எடுத்தேன். கன்னத்தப் புடிச்சாங்க, எடுத்தேன். அப்படியே பதினோரு படம். கடைசிப் படத்த மாமிக்கே திருப்பிக் காட்டுனேன். "அடியே, நான் இவ்வளவு கெழவியாவா இருக்கேன்?"னு வாயப் பொத்திச் சிரிச்சாங்க.

பன்னெண்டாவது படம் விழல. நெறைஞ்சு போச்சுன்னு காட்டுது. என்னடான்னு பாத்தா, உள்ள கார்டே இல்ல. கார்டு எம் பர்ஸ்ல கெடக்கு. காலையில முந்தின கல்யாணத்துப் படத்தக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, திருப்பிப் போட மறந்துட்டேன். அப்ப எடுத்தது எங்க போச்சு? கேமரா வயித்துக்குள்ளயே கொஞ்சம் எடம் வச்சிருக்கான் அந்தக் கம்பெனிக்காரன். அதுல போயி விழுந்துருக்கு. நீங்களே சொல்லுங்க அக்கா, கார்டு இல்லைன்னா ஒரு மிசினு கத்த வேண்டாமா? வாயில்லாப் பூச்சி மாதிரி உள்ள வாங்கி வச்சுக்கிட்டா யாருக்குத் தெரியும்? யாரு தப்பு அது? அவன் தப்புதான?

சரி, பரவால்லன்னு கார்டைப் போட்டேன், கல்யாணம் முழுக்க எடுத்தேன். மாமி அதுக்குள்ள அடுக்களைக்குள்ள போயிட்டாங்க, பொறவு கேமராவுக்கு மொகம் காட்டல. அந்தப் பதினொண்ண வெளிய எடுக்க தனியா ஒரு ஒயரு வேணும். சாதா ஒயரு சேராது, மிசோனா ஒயரே வேணும். பெட்டியில கெடந்தத எலி கடிச்சிருச்சு. மதுரைக்குப் போன் போட்டேன், ஸ்டாக் இல்ல, வரும்னாங்க. வரும் வரும்னு இருந்தப்பவே, ஒரு சுன்னத்து வீட்டுல கேமராவ ஆன் பண்ணுதேன், உசுரு இல்ல. பேட்டரி மாத்திப் பாத்தேன். தட்டிப் பாத்தேன். ஊதிப் பாத்தேன். ஓதியும் பாத்தேன். கறுப்பாவே இருந்துச்சு.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்னாடி மாமி மவுத்தாயிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க, ஆட்டோ வரதுக்குள்ள போயிட்டாங்க. ஜெசீமா ஏர்வாடியில மாமியா வீட்டுல இருந்தா. அவ வந்து சேந்து, மய்யித்த எடுத்த பொறவு, ஏந் தோள்ல சாஞ்சு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "பாத்து லாத்தா, அந்தப் போட்டோ."

நேரா தென்காசிக்குப் போனேன். ஆவுடையப்பன்கிட்டயேதான். வேற வழி? அவரு திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இந்தக் கம்பெனி பாகம் நமக்குக் கெடைக்காதும்மா. கேமராவ உயிராக்க முடியாது. ஆனா இதே மாடல் தண்ணியில விழுந்தது ஒண்ணு எங்கிட்ட கெடக்கு. அதையும் இதையும் மாத்தி மாட்டுனா படத்த மட்டும் எடுத்துரலாம். ஒரு மணி நேரம் குடுங்க." எனக்கு உசுரு வந்துச்சு. அப்பத்தான் கேட்டேன், "நீங்க பாக்காம எடுப்பியளா?" அவரு சிரிச்சாரு. "பாக்காம எப்படிம்மா? படம் வந்துருக்கான்னு தெரியணும்லா? வேணும்னா எம் பொஞ்சாதியப் பாக்கச் சொல்லுதேன், நான் திரும்பிக்கிடுதேன்."

கேமராவப் பிடுங்கிட்டு வந்துட்டேன்.

என்ன அப்படிப் பாக்கிய? திரும்பிக்கிடுதேன்னு சொல்லுத மனுசன் திரும்பாமப் போனா? அல்லா மேல ஆணையிட்டது நானா அவரா? ஜெசீமாவும் உங்கள மாதிரிதான் கேட்டா. "லாத்தா, யாரு பாத்தாலும் பரவால்ல, உம்மாவே இல்ல, இனி என்ன, எடுத்துக் குடுங்க"ன்னா. ஒனக்கென்னடி, வாக்குக் குடுத்தது நான்லா? உசுரோட இருக்கவங்ககிட்டன்னா போயி மாத்திக் கேக்கலாம். கபருல இருக்கவங்ககிட்ட போயி கேக்க முடியுமா?

அதான் கம்பெனிக்குப் போன் போட்டேன். "வணக்கம், மிசோனா கேர், நான் ஷாலினி பேசுறேன்." தங்கமான புள்ள அக்கா. என்ன தன்மையா பேசுவா தெரியுமா? நான் கதை முழுக்கச் சொன்னேன். சொல்லுங்க மேடம், சொல்லுங்க மேடம்னு கேட்டா. "இத நீங்கதான் பாப்பியளா?"ன்னு கேட்டேன். "கவலைப்படாதீங்க மேடம், நாங்க பார்த்துக்கறோம்"னா. நாங்கன்னா? அவளும் அவகூட இருக்க பொம்பளைப் புள்ளைகளும்னுதான எனக்குத் தோணும்? அதுக்குப் பொறவு நான் எப்பப் போன் போட்டாலும் ஷாலினிதான் எடுப்பா. சில நாளு குரலு கட்டிப்போயி இருக்கும். பாவம், நாள் முழுக்கப் பேசுதால்லா, சுக்குக் காப்பி குடின்னு சொல்லுவேன். "தேங்க்யூ மேடம்"பா. நான் யாருன்னு மறந்துட்டு ஒவ்வொரு தடவையும் மொதல்ல இருந்து கேப்பா. அவளும் எத்தன பேருகிட்டதான் பேசுவா?

மதுரையில அவங்க ஆபீசு ஒரு ஃபேன் கடை மாடியில இருக்கு. சரிசெய்யுததுல்லாம் அங்கன இல்ல, வாங்கி அனுப்புததோட சரி. ஒருத்தன் உக்காந்துருந்தான். ஒரு பாரத்த நீட்டுனான், முழுக்க இங்கிலீசு. "டேட்டா பேக்கப் எடுத்துட்டீங்களா மேடம்?"னான். "எல்லாம் பத்திரமா உள்ளதான் இருக்கு"ன்னேன். அவன் ஒரு கட்டத்துல டிக் போட்டான். நான் கையெழுத்துப் போட்டேன். ஷாலினிக்கு அனுப்பிருங்கன்னும் சொன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டு சரின்னான்.

எட்டு மாசம் அக்கா. பாகம் வரல. கப்பல்ல இருக்கு. வந்துருச்சு, வேற பாகம். திருப்பி அனுப்பியாச்சு. எத்தன தடவ இந்த பஸ்ஸுல போயிட்டு வந்துட்டேன், கண்டக்டரு எல்லாருக்கும் என்னையத் தெரியும். எனக்கு வந்த கல்யாணமெல்லாம் கைய விட்டுப் போச்சு. காஜா அவன் பழைய கேமரா ஒண்ணக் குடுத்தான், அத வச்சு ஓட்டுதேன். அதும் ஒரு தடவ கெட்டுச்சு. ஆவுடையப்பன் காலையில வாங்கி சாயங்காலம் குடுத்துட்டாரு. உள்ள இருந்த படத்தையெல்லாம் நானே மொதல்ல அழிச்சிட்டுத்தான் குடுத்தேன், அது வேற.

ஜெசீமாவுக்கு அடுத்த மாசம் பேறுகாலம். பொறக்கப் போற புள்ளைக்கு, இதான் ஒன் மூத்தம்மான்னு அவ உம்மா மொகத்தக் காட்டணும், அது ஒண்ணுதான் அவளுக்கு. ஆதார் கார்டையா காட்ட முடியும்? "லாத்தா, உம்மா எப்படி இருந்தாங்கன்னே எனக்கு மறக்க ஆரம்பிச்சிருச்சு. மூக்கு ஞாபகம் இருக்கு, சிரிச்சா எப்படி இருக்கும்னு தெரியல"ன்னு போன வாரம் சொன்னா. எனக்குச் சோறு எறங்கல.

நேத்து மெசேஜ் வந்துச்சு. "உங்கள் மிசோனா வெற்றிகரமாகச் சரிசெய்யப்பட்டது." எனக்கு யோசிக்கவே தோணல. அத அப்படியே ஜெசீமாவுக்கு அனுப்பிட்டேன். ஒடனே போன் பண்ணுனா. பேசல, அழுதா. அழுதுகிட்டே சிரிச்சா. நாளைக்கு உம்மா வீட்டுக்கு வந்துருதேன், பஸ் ஸ்டாண்டுக்கே வாரேன்னுட்டா. நெறமாசக்காரி, வராதடின்னா கேக்கலியே.

இன்னைக்குக் காலையில மதுரைக்குப் போயி கேமராவத் திருப்பி வாங்குனேன். ஆன் பண்ணுனேன். சும்மா பளபளன்னு எரியுது, வாங்குன அன்னைக்கு மாதிரி. படம் பாக்க பட்டன அமுக்குனேன். ஒரே ஒரு படம் இருந்துச்சு. பதினொண்ணு எங்கன்னு கேட்டேன்.

"போர்டு மாத்தியாச்சு மேடம். மெமரி போர்டுலதான இருக்கும்."

"பழைய போர்டு எங்க? அதக் குடுங்க."

"அது தர மாட்டாங்க மேடம். கம்பெனிக்குப் போயிரும், உடைச்சிருவாங்க. ரூல் அது. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

பாரத்தத் தூக்கிக் காட்டுனான். எங் கையெழுத்துதான். நான் அங்கனயே நின்னு ஷாலினிக்குப் போன் போட்டேன். இன்னைக்குன்னு பாத்து ஒரு ஆம்பளை எடுத்தான். ஷாலினியக் கூப்புடுங்கன்னேன். "எந்த ஷாலினி மேடம்? இங்க லேடீஸ் எல்லாரும் அந்தப் பேருலதான் பேசுவாங்க"ன்னான். எங்கிட்ட பேசுன ஷாலினின்னேன். லைன்ல இருங்கன்னுட்டு பாட்டுப் போட்டு விட்டான்.

அந்த ஒரு படத்தப் பாக்கியளா? இந்தா, பாருங்க. யாருன்னு எனக்கும் தெரியாது. கண்ணாடி போட்டுக்கிட்டு, கழுத்துல கம்பெனி அட்டை தொங்குது. பல்லு தெரியச் சிரிக்கான். சரியாயிருச்சான்னு பக்கத்துல இருந்தவன் எடுத்துப் பாத்துருக்கான் போல. அப்ப ரெண்டு ஆம்பளை. தொறந்தவன் ஒருத்தன், எடுத்தவன் ஒருத்தன். ரெண்டு பேரும் மாமியப் பாத்தானுவளா, பாக்காமலே தூக்கிப் போட்டானுவளா, அதுகூடத் தெரியல. ஆவுடையப்பன் தெரிஞ்ச மொகம். பொஞ்சாதியப் பாக்கச் சொல்லுதேன்னாரு. வயிறு எரியுது அக்கா. கம்பெனி நாசமாப் போவ.

நான் என்ன தப்பு செஞ்சேன்? நீங்களே சொல்லுங்க. குடுத்த வாக்கக் காப்பாத்தணும்னு நெனைச்சது தப்பா?

புளியங்குடி தாண்டிருச்சா? சொக்கம்பட்டி வந்துட்டா அடுத்தது எங்க ஊருதான். நீங்க தென்காசிதான? அக்கா, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக்கூடாது. நீங்க கேமரா பாத்ததுனால மட்டும் நான் பேச்சுக் குடுக்கல. ராஜபாளையத்துல நீங்க ஏறி, பக்கத்துல உக்காந்து, இப்படி சன்னல் பக்கமா திரும்புனிய பாருங்க. மாமியே வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு. அதே மூக்கு. அதே தாடை. வயசும் அதேதான் இருக்கும்.

என் துப்பட்டா வெள்ளைதான். தலையில போட்டு, நெத்தி வரைக்கும் இழுத்துவிட்டா, பாதி மொகம் மறைஞ்சிரும். பக்கவாட்டுல லேசா ஒரே ஒரு படம். சிரிக்க வேண்டாம், குனிஞ்சு இருந்தாப் போதும். ஜெசீமாவே மறந்து போச்சுன்னு சொல்லுதா, அழுதுகிட்டே பாக்கப் போறவளுக்கு என்ன தெரியும்? உங்க ஊரு வேற, நீங்க யாருன்னு யாருக்குத் தெரியும்? ஒரு ஆம்பளைக் கண்ணுலயும் படாது அக்கா, அல்லா மேல ஆணையா...

ஏன் எந்திரிக்கிய? தென்காசி இன்னும் அரை மணி நேரம் இருக்கு. சரி, சரி. எடுக்கல. இந்தா, மூடிட்டேன். பைக்குள்ளயே போட்டுட்டேன், பாத்தியளா? அங்கன எடம் இல்ல, நின்னுகிட்டா போவிய? உக்காருங்க. நான் இனிப் பேசல.

ஊரு வந்துருச்சு. கொஞ்சம் காலை ஒதுக்குங்க. இல்ல, ஒரு நிமிசம் இருங்க, கூட்டம் எறங்கட்டும். அந்தா, ஆட்டோ பக்கத்துல, வயித்தப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு சன்னலா எட்டிப் பாத்துக்கிட்டு வாராள்லா, அவதான் ஜெசீமா. கையில என்ன வச்சிருக்கா? கண்ணாடிச் சட்டம். வாங்கிட்டே வந்துட்டா, பாருங்க.